நோலாவின் மஞ்சள் கேனரி

1

இந்தக் கதை பிறந்தது ஒரு தொலைபேசி அழைப்பில். ஆஸ்திரேலியாவின் பல்லாரட்டில் என் பழைய பக்கத்து வீட்டுக்காரர் கெல்வின் இறந்துவிட்டார். அடக்கத்தன்று வாசிக்கப் பத்து வரி எழுதித் தரச் சொன்னார் அவர் மனைவி நோலா. ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். அதில் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே தமிழில் எழுதப் பார்க்கிறேன்.

2

முதல் தொடக்கம்: 'அந்தப் பிப்ரவரியில் வெயில் நாற்பத்திரண்டு டிகிரியைத் தொட்டபோது, பக்கத்து வீட்டுக்காரன் ஒருவன்'

வேண்டாம். அந்த ஒருவன் நான்தான்.

சாயங்காலங்களிலிருந்து தொடங்குகிறேன். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஆள் நிமிர்ந்து நடக்கக்கூடிய கம்பிக்கூண்டு. குளிர்காற்று வரும் தெற்குப் பக்கம் தகரம். உள்ளே கெல்வினின் சிவப்புக் கேனரிக் குருவிகள், நோலாவின் மஞ்சள்கள், யாரும் உரிமை கொண்டாடாத வரிக்குருவிகள் பத்துப் பன்னிரண்டு. முன்னால் இரண்டு நாற்காலிகள். வேலிக்கு இந்தப் பக்கம் நான்.

"உன்னோடது பொடியில வந்த சிவப்பு, கெல்வின். என்னோடது பொறந்த நிறம்."

"அந்தப் பொடிய உன் மஞ்சளுக்குக் குடுத்துப் பாரு, ஆரஞ்சாத்தான் ஆகும். சிவக்கறதுக்கும் வம்சம் வேணும்."

"தம்பி, இந்த மனுஷன் யார் வம்சத்தப் பத்திப் பேசுறாரு?"

(அடிக்குறிப்பு, அடியில் தள்ள மனமில்லை. இறகு முளைக்கும்போது தின்னும் சிவப்புப் பொடி இறகிலேயே ஏறிவிடும். அடுத்த வருடம் உதிரும்வரை போகாது. அதனால் இறகு மாறும் மாதங்களில் சிவப்புகளைத் தகரக் கொட்டகையில் தனிக் கூண்டுகளில் அடைத்து, முட்டைத் தீனியில் பொடி பிசைந்து வைப்பார் கெல்வின். மஞ்சள் அதைத் தின்றால் பறவை வளர்ப்போர் சங்கத்தின் வருடாந்தரப் போட்டியில் அதற்கு இடமில்லை.)

3

அந்தப் பிப்ரவரியில், இறகு மாறும் சமயம், இருவரும் பத்து நாள் பெர்த்தில் மகள் வீட்டுக்குப் போனார்கள். தீனி என் பொறுப்பு. கொட்டகை கொதித்தது. சிவப்புகள் வாயைத் திறந்து மூச்சுவாங்கின. பயந்துபோய் எல்லாவற்றையும் பெரிய கூண்டின் நிழலில் விட்டேன். பொடி பிசைந்த அவற்றின் தீனித் தட்டையும் அங்கேயே வைத்தேன். ஐந்து நாள். வெயில் தணிந்ததும் பிடித்துப் பழையபடி அடைத்தேன்.

(இங்கே 'மறந்துபோய்' என்று எழுதி அடித்தேன். மஞ்சள்களும் அதைத் தின்னும் என்பதை மறக்கவில்லை. ஐந்து நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.)

திரும்பி வந்த அன்று, நோலா உள்ளே பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, கெல்வின் பெரிய கூண்டுக்குள் போய்த் தரையைப் பார்த்தார். பொடி தின்ற எச்சம் சிவந்து கிடந்தது. சுரண்டி எடுத்து வாளியில் போட்டார்.

"ஒண்ணும் சாகலையே தம்பி. அது போதும்."

4

மூன்று வாரத்தில் நோலாவின் போட்டி மஞ்சளுக்கு நெஞ்சில் திட்டுத்திட்டாக ஆரஞ்சு ஏறியது.

"போன வருஷம் கோப்பை எனக்கு வந்தது உன் கண்ண உறுத்திச்சு. அதான?"

கெல்வின் என் பக்கம் திரும்பவேயில்லை. "கை தவறிருச்சு, நோலா."

"உனக்கா? நாப்பது வருஷமா தவறாத கை."

நான் வேலியைப் பிடித்தபடி, சொல்ல வாயெடுத்து

(இந்த வாக்கியம் முடியவில்லை. அன்றும் முடியவில்லை.)

அடுத்த வாரம் கெல்வின் தன் சிவப்புகளைச் சங்கத்து நண்பர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். அதன்பின் வளர்க்கவில்லை. கூண்டு முன்னால் நோலா தனியாக உட்கார்ந்தார்.

5

கெல்வினை இவ்வளவு நல்லவராக எழுதுவது எனக்கு வசதி என்று சந்தேகப்பட்டேன். நிஜமாகவே கை தவறியதாக அவரே நம்பியிருக்கலாமே? ஆனால் அந்த எச்சத்தைப் பார்த்தவருக்குத் தெரியாமல் இருக்காது.

தொலைபேசியில் நோலா சொன்னார்: "அந்த மஞ்சள் விஷயத்த மன்னிச்சுட்டேன்னு கடைசி வாரம் ஆஸ்பத்திரில அவர்கிட்டயே சொன்னேன் தம்பி. சிரிச்சாரு."

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறேன். கெல்வின் மீதிருந்த பழி போகிறது. மன்னித்துவிட்டோம் என்று நோலா தேடிக்கொண்ட நிம்மதியும் போகிறது.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. அவர் செய்யாத குற்றம் அவரோடு மண்ணுக்குள் போகிறது.

வெள்ளிக்கிழமை அடக்கம். முடிந்ததும் டீ குடிக்க வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார் நோலா. எதிரே உட்கார்ந்து "நோலா" என்று கூப்பிடுவேன். அவர் நிமிர்ந்து பார்ப்பார். அதுவரைக்கும் என்னால் எழுத முடிகிறது. அடுத்த சொல்லை நீங்கள் சொல்லுங்கள்.