குடும்பப்பெயர்: விதுசன்

மலையேற அனுமதிச்சீட்டு வாங்குகிறவன் மலையேறத் தகுதியற்றவன். இதை நான் பகிடியாகச் சொல்லவில்லை. எங்கள் பல்கலைக்கழகத் தமிழ் மன்றத்தின் மாத மடலில், முதல் பக்கத்தில், என் படத்துக்குக் கீழே தடித்த எழுத்தில் சொல்லியிருந்தேன். இமயமலை உருவானபோது அங்கே சீட்டுக் கவுண்டர் எதுவும் இருக்கவில்லை என்பதும் என் ஆய்வு முடிவுகளில் ஒன்று.

அதே வாரம் நானே நேபாள அனுமதிச்சீட்டுக்கு விண்ணப்பித்திருந்தேன். அதைக் குறிப்பிட மடலில் இடம் போதவில்லை.

பயணம் சிவரூபினியின் யோசனை. என்னோடு படிப்பவள், வீடு தென் லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில். ஏழு வயதில் பெற்றோருடன் அகதியாக வந்தவளுக்கு, போன மாசிமாதம்தான் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு கிடைத்தது. அவள் கையில் பிடித்த முதல் கடவுச்சீட்டு அது. அதை வைத்துக்கொண்டு முதலில் நேபாளத்து மனாஸ்லு மலையைச் சுற்றி நடக்க வேண்டும் என்றாள். வேலை செய்யும் மருந்துக்கடையில் ஐப்பசியில் இரண்டு கிழமை லீவு, எட்டு மாதத்துக்கு முன்பே கேட்டு வாங்கியது. காத்மாண்டுவில் இருந்த முகவர் எங்கள் இருவரையும் ஒரே விண்ணப்பத்தில் போட்டார்.

கன்டீனில் உட்கார்ந்து படிவம் நிரப்பினோம். அவள் பையிலிருந்து ஒரு நீல ஃபைலை எடுத்தாள். உள்ளே பிளாஸ்டிக் உறைகள். கடவுச்சீட்டுப் பிரதி நான்கு. இரண்டு காதும் தெரிகிற படம் எட்டு.

"வீட்டு லோனுக்கா போறாய்?" என்றேன்.

"உன்ர படத்தைத் தா."

"மலைக்கு என்ர முகம் தெரியாதோ?"

"மலைக்குத் தெரியும். செக்போஸ்ட்டில நிக்கிறவருக்குத் தெரியாது."

"இதெல்லாம் கோயில் அர்ச்சனைச் சீட்டு மாதிரியடி. காசைக் குடு, பேரைச் சொல்லு, ஐயர் எப்பிடியும் பிழையாத்தான் வாசிப்பார்."

"ஐயர் பிழையா வாசிச்சாலும் முருகனுக்கு ஆளைத் தெரியும். நீ வடிவாப் பாத்து நிரப்பு."

தன் பெயரைத் தட்டிவிட்டு, கடவுச்சீட்டைப் பக்கத்தில் விரித்து, ஒவ்வோர் எழுத்தின் கீழும் விரலை வைத்துச் சரி பார்த்தாள். பாலர் வகுப்புப் பிள்ளை வாசிப்பதுபோல இருந்தது. அந்த விரலையும் ஃபைலையும் வைத்துத்தான் அந்த மாதக் கட்டுரையை எழுதினேன். பெயரைப் போடவில்லை, நீல ஃபைல் என்று மட்டும் போட்டேன். எங்கள் வளாகத்தில் நீல ஃபைலுடன் திரிகிறவள் ஒருத்திதான்.

"நல்லா எழுதியிருக்கிறாய்," என்றாள். அதற்குப் பிறகு அந்த ஃபைலை யாரும் கண்ணால் காணவில்லை.

என் பங்கை நான் தனியே நிரப்பினேன். குடும்பப்பெயர் என்று ஒரு கட்டம். எங்களுக்கு ஏது குடும்பப்பெயர்? கடவுச்சீட்டில் அந்த இடத்தில் இருப்பது அப்பாவின் பெயர். நடக்கப்போவது நான். அப்பா எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ரெய்னர்ஸ் லேன் ரயில் நிலையப் படிகளிலேயே இரண்டு தரம் நின்று மூச்சு வாங்குபவர். ஆகவே குடும்பப்பெயர்: விதுசன். பெயர்: பத்மநாதன். அடுத்த மாதக் கட்டுரை கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாக அனுப்பிவைத்தேன்.

முகவர் மூன்று தரம் கேட்ட கடவுச்சீட்டுப் பிரதியை, நாங்கள் புறப்பட ஒன்பது நாள் இருக்கும்போது அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. பெயர் மாறியிருக்கிறது, கொடுத்த விண்ணப்பம் செல்லாது, இருவருக்கும் புதிதாகக் கட்டணம் கட்ட வேண்டும். தசைன் திருவிழாவுக்கு அலுவலகங்கள் மூடப்போகின்றன. நாளை நண்பகலுக்குள் சரியான படிவம் வராவிட்டால் திருவிழாவுக்குப் பிறகுதான். அதாவது, சிவரூபினியின் லீவு முடிந்த பிறகு.

தோர்ண்டன் ஹீத் நிலையத்துக்கு வெளியே, பின்னேர ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தவளைப் பிடித்தேன். ரயிலில் ஒரு வசனம் தயாரித்து வைத்திருந்தேன்.

"எங்கட அப்பா மலையேற விண்ணப்பிச்சிருக்கிறாராம்."

அவள் சிரிக்கவில்லை. கைபேசியை வாங்கி முகவரின் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள்.

"பகிடிக்கா மாத்திப் போட்டனீ?"

"ஓம்."

"நாங்கள் வந்த புதுசில கடதாசியில அப்பாவின்ர பேரில ஒரு எச் கூடுதலா விழுந்திட்டுது. ஆர் விட்ட பிழையெண்டு இண்டைக்கும் தெரியாது. திருத்த நாலு வருஷம். அதுக்குள்ள பெரியப்பா பாரிஸில செத்துப்போனார். ரெயினில ரெண்டரை மணித்தியாலம். பயணக் கடதாசி இல்லாமல் அப்பாவுக்குப் போக ஏலேல்ல."

"ஒரு எழுத்துக்கா?"

"ஒரு எச்சுக்கு."

கைபேசியைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

"புதுக் காசில பாதி நான் போடுறன்," என்றாள்.

"வேண்டாம். பிழை என்ர."

"அப்ப கெதியா அனுப்பு. அவையின்ர பன்னிரண்டு மணி எண்டால் இங்க காலமை ஏழேகால்." பஸ் வந்தது. ஏறும்போது திரும்பி, "அதையும் எழுதப்போறியோ?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

நிலையத்தில், காசு போட்டால் கடவுச்சீட்டுப் படம் எடுத்துத் தரும் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தேன். தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினேன். பல் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். பிறகு எதிரே இருந்த தமிழ்க் கடைக்குப் போனேன்.

"எத்தினை கொப்பி தம்பி?" கடைக்கார ரஜனியக்கா கடவுச்சீட்டை வாங்கினார்.

"நாலு. ஒரு ஃபைலும் தாங்கோ, பிளாஸ்டிக் உறையோட."

கறுப்பு இருந்தது. நீலத்தை எடுத்தேன்.

வாசிகசாலையில், யாரும் இல்லாத மூலை மேசையில், படிவத்தைத் திறந்தேன். குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் தட்டினேன். கடவுச்சீட்டைப் பக்கத்தில் விரித்தேன். சுற்றிப் பார்த்துவிட்டு, முதல் எழுத்தின் கீழ் விரலை வைத்தேன். பிறகு இரண்டாவது. மூன்றாவது.

நான்காவது எழுத்து எச். கடவுச்சீட்டைப் பார்த்தேன், அங்கேயும் எச். இன்னொரு தரம் பார்த்தேன். அதன் பிறகுதான் விரலை நகர்த்தினேன்.