வெறுங்கை

கண்ணாடிக்காரருக்கு நாய் என்றால் பயம். சும்மா பயம் இல்லை, தெருமுனையில் ஒரு வால் தெரிந்தாலே அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிற பயம். இத்தனைக்கும் மூன்றாவது மாடி ஜன்னலுக்கு வெளியே ஒரு காலை ஊன்றிக்கொண்டு ஆள் உயரக் கண்ணாடியைப் பொருத்துகிற மனுஷன். அங்கே தலை சுற்றாது. சின்ன வயதில் ஒரு நாய் கெண்டைக்காலைப் பதம் பார்த்து, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்கள். அன்று பிடித்த நடுக்கம் கல்யாணம் ஆகி, கடை வைத்து, காது ஓரம் நரைத்த பிறகும் அவரை விடவில்லை.

அப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் அவர் மனைவி ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். ரத்தத்தையும் கதறலையும் பார்த்துப் பழகியவளுக்குப் புருஷனின் நாய்ப் பயமெல்லாம் ஒரு பொருட்டா?

“ஏங்க, இது உங்க முழங்காலுக்குக்கூட வராதுங்க. இதுக்குப் போய் இப்படி நாற்காலி மேல ஏறி நிக்கிறீங்களே!”

உண்மைதான். டாஷ்ஹண்ட் ஜாதி. உடம்பு பாட்டுக்கு நீண்டுகொண்டே போகும். கால்கள் மட்டும் கடைசியில் ஞாபகம் வந்து ஒட்டவைத்தது போலக் குட்டை. நாற்காலியில் நின்றபடியே அவர் அதற்குப் பெஞ்சு என்று பெயர் வைத்தார். கேலிக்கு வைத்த பெயர், அதுவே நிலைத்துவிட்டது.

பெஞ்சு பட்டுவந்த பாடு மட்டும் கேலி இல்லை. ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில், ஒரு படுபாவி இந்த ஜாதி நாய்களைக் கம்பிக் கூண்டுகளில் அடைத்து, குட்டி போடவைத்து விற்றுக்கொண்டிருந்தான். பிராணிகள் காப்பகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் ஆள் கூட்டிக்கொண்டு போய் அவற்றை மீட்டு, ஒவ்வொன்றுக்கும் வீடு பார்த்துக் கொடுத்தாள். எடுத்த குடும்பங்களெல்லாம் சேர்ந்து போனில் ஒரு குரூப். ‘எங்க வீட்டு ஐயா இன்னைக்கு முதல் தடவையா வாலை ஆட்டினார்.’ ‘எங்காளு இன்னும் கட்டிலுக்கு அடியிலதான் குடித்தனம்.’ ‘மழை வந்ததும் மடியில ஏறிப் படுத்துக்கிச்சு, நான் பாத்ரூம்கூட போகல.’ வருகிற சேதிகளையெல்லாம் மனைவி வாய்விட்டுப் படிப்பாள். கண்ணாடிக்காரர் காதில் விழாதது போல இருப்பார். உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமை. மனைவியிடம் வாலை ஆட்டி, காலைச் சுற்றி வருகிற பெஞ்சு, அவரைக் கண்டால் மட்டும் இருந்த இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஓடும்.

மனைவிக்குக் காலை டியூட்டி. அதனால் பெஞ்சுவுக்குக் காலைச் சாப்பாடு வைப்பது இவர் பொறுப்பாகிவிட்டது. இந்த விஷயத்தில் அவர் ஒரு காரியம் செய்துவந்தார், மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. கண்ணாடி தூக்குவதற்கென்று முழங்கை வரை வருகிற தடித்த தோல் கையுறை வைத்திருந்தார், அதை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டுதான் தட்டை எடுப்பார். கடித்தாலும் பல் இறங்காதே! தட்டை வைத்துவிட்டு, முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வாசல் வரைக்கும் போவார். நாய் மேசைக்கு அடியில் நடுங்கும், அவர் வாசலில் நடுங்குவார். அவருக்கும் பெஞ்சுவுக்கும் ஏழாம் பொருத்தம் என்று முடிவு கட்டிவிட்டார்.

அன்று காலையும் கையுறையோடு சமையலறையிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். சோபா பக்கம் ‘பொத்’தென்று ஒரு சத்தம். வழக்கமான சத்தம்தான். மனைவி கிளம்பியதும் பெஞ்சு சோபாவில் ஏறிப் படுத்துக்கொள்ளும், இவர் காலடி கேட்டதும் குதித்து ஓடும். ஆனால் அன்று அது ஓடவில்லை. கூடத்தின் நடுவிலேயே உட்கார்ந்து அவரைப் பார்த்தது.

அவர் அசந்துபோனார். தட்டைக் கீழே வைத்தார். ஓடவில்லை. ஒரு அடி முன்னால் எடுத்து வைத்துப் பார்த்தார். அப்போதும் ஓடவில்லை. உடம்பு என்னவோ நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, இருந்தாலும் இடத்தை விட்டு அசையவில்லையே!

“அட, பழகிட்டியா நீ?” என்றார். அவர் அந்த நாயிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். ஒரு கையுறையைக் கழற்றிவிட்டு, தள்ளி நின்றே போனில் படம் பிடித்தார். குரூப்பில் போட்டார்: ‘இன்னைக்கு என்னப் பாத்து ஓடல!’

கைதட்டலும் பூங்கொத்துமாக வந்து குவிந்தன. முன்பின் தெரியாதவர்களெல்லாம் ‘வாழ்த்துக்கள் சார்’ என்றார்கள். அவர் தலைகால் புரியாமல் நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. காப்பகத்துப் பெண்.

“அண்ணா, பெஞ்சு இப்ப எங்க இருக்கு?”

“இங்கதாம்மா, என் முன்னாலதான். உக்காந்திருக்கு பாரு, ராணி மாதிரி!”

“பின்னங்கால் ரெண்டும் ஒரு பக்கமா கிடக்குதே, எப்பவுமே அப்படித்தான் உக்காருமா?”

“தெரியலம்மா. நான் எப்பவும் வாய்ப் பக்கம்தான் பாப்பேன்.”

“அண்ணா, அது உக்காரல. அதால எந்திரிக்க முடியல.”

அப்போதுதான் அந்தக் கால்களைப் பார்த்தார். அவை தரையில் கிடந்தன, அவிழ்த்துப் போட்ட துணி மாதிரி. நாய் நகரப் பார்த்தது. முன்கால்கள் தரையைப் பிறாண்டின, பின்பக்கம் கூட வரவில்லை. தன் பின்பக்கத்தைத் தானே திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி அவரைப் பார்த்தது. அந்தக் கண்ணில் இருந்தது நட்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இவர் வந்து என்ன செய்யப்போகிறாரோ என்கிற பயம். ஓட முடியாத ஜீவனைப் படம் பிடித்துப் பெருமை அடித்திருக்கிறோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

காப்பகத்துப் பெண் படபடவென்று சொன்னாள். இந்த ஜாதிக்கு முதுகுதான் வினை. தண்டுவடம் நசுங்கியிருக்கும். நேரம் போகப் போகக் கால் நிரந்தரமாகப் போய்விடலாம். உடனே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். அவள் இருக்கிற இடத்திலிருந்து வந்து சேர்வதற்குள் காரியம் கெட்டுவிடும். மனைவியோ தியேட்டருக்குள் இருக்கிறாள், போன் லாக்கரில். இருக்கிற ஒரே ஆள் இவர்தான்.

“தூக்குங்கண்ணா. ஒரு கை நெஞ்சுக்குக் கீழ, ஒரு கை இடுப்புக்குக் கீழ. முதுகு வளையவே கூடாது. அதுவும் திமிரக் கூடாது. திமிரினா இன்னும் நசுங்கும்.”

“நானா?” என்றார்.

கண்ணாடி வைத்துக் கட்டுகிற பிளைவுட் பலகையை எடுத்துவந்து போர்வையை விரித்தார். அந்த வேலைகளெல்லாம் பழகியவை, கை பாட்டுக்குச் செய்தது. போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தார். கழற்றிய கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நாயை நோக்கிக் குனிந்தார்.

பெஞ்சு அலறியது. குரைப்பு இல்லை, ஊளை இல்லை, குழந்தை வீறிடுகிற மாதிரி ஒரு சத்தம். செத்த பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு முன்கால்களால் தவழ்ந்து சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது. உடம்பை முறுக்கியது. முறுக்கவே கூடாது என்றாளே!

“என்னாச்சு? என்னண்ணா பண்றீங்க?”

“ஒண்ணும் பண்ணலம்மா! கிட்ட போனாலே கத்துது!”

“கையில ஏதாவது வச்சிருக்கீங்களா?”

“ஒண்ணும் இல்ல. கிளவுஸ் மட்டும்.”



“அண்ணா, அந்தக் கொட்டகையில குட்டிங்கள எடுத்துட்டுப் போக வர்றவன் கிளவுஸ் போட்டுட்டுதான் வருவான். தோல் கிளவுஸ். கூண்டுக்குள்ள அந்தக் கை வந்துச்சுன்னா குட்டி போச்சு. கழட்டிடுங்கண்ணா.”

அவர் தன் கைகளைப் பார்த்தார். இத்தனை நாளும், ஒவ்வொரு காலையும், இதோடுதான் அதற்குச் சோறு வைத்திருக்கிறார். அது பயந்தது இவரைப் பார்த்து இல்லை. இவர் தன் பயத்துக்குப் போட்டுக்கொண்டதைப் பார்த்து அது பயந்திருக்கிறது. அது பயப்படுவதைப் பார்த்து இவர் இன்னும் இறுக்கிப் போட்டிருக்கிறார்.

கழற்றினார். பயம் அதோடு கழன்று வந்துவிடவில்லை. தொழில் நடத்துகிற கை, கண்ணாடியில் வைரக் கீறல் போடுகிற கை. கண்ணெதிரே பெஞ்சுவின் பற்கள். உதடு மேலே ஏறி, வரிசையாக, வெள்ளையாக.

“கடிச்சிரும்மா.”

“கடிக்கலாம்ணா. பொய் சொல்ல மாட்டேன்.”

அவர் கண்ணை மூடிக்கொள்ள நினைத்தார். மூடினால் பிடி தவறும் என்பதால் மூடவில்லை. வலது கையை இடுப்புக்கு அடியில் விட்டார். இடது கையை நெஞ்சுக்கு அடியில் விடும்போதே பெஞ்சு திரும்பிக் கட்டை விரலுக்குக் கீழே கவ்விவிட்டது. பல் இறங்கியது நன்றாகவே தெரிந்தது.

ஆனால் கண்ணாடி வேலையில் ஒன்று உண்டு. தூக்கிக்கொண்டு போகும்போது விளிம்பு கையை அறுத்தால், அறுக்கட்டும் என்று விடவேண்டும். பதறிக் கையை எடுத்தால் மொத்தக் கண்ணாடியும் காலில் இறங்கும். எத்தனையோ தடவை அறுபட்ட கை அது. யோசிக்காமலே பிடித்துக்கொண்டிருந்தது. முதுகு வளையாமல், ஆடாமல், மட்டம் பார்த்துத் தூக்கிப் பலகையில் கொண்டுபோய் வைத்தார். வைத்த பிறகுதான் பெஞ்சு வாயைத் திறந்தது. வைத்த பிறகுதான் அவரும் கத்தினார்.

பலகையைக் கடை வேனின் முன்சீட்டில் வைத்துக் கட்டினார். வழியெல்லாம் அழுதுகொண்டே ஓட்டினார் என்பதை அவர் யாரிடமும் ஒத்துக்கொள்ளமாட்டார்.

டாக்டர் பெஞ்சுவின் பின்கால் விரலை இடுக்கியால் கிள்ளினார். பெஞ்சு வெடுக்கென்று திரும்பி உறுமியது. டாக்டர் முகம் தெளிந்தது.

“வலி தெரியுது. நல்ல விஷயம். எங்கிருந்தாவது குதிச்சதா?”

“சோபாவிலிருந்து. என்னைப் பாத்துப் பயந்துதான் குதிச்சது.”

டாக்டர் ஊசி போட்டார், எக்ஸ்ரே பார்த்தார், மருந்து எழுதினார். பிறகு கண்ணாடிக்காரரின் கையைப் பார்த்து, “மொதல்ல நீங்க போய் ஊசி போட்டுக்குங்க” என்றார்.

“தொப்புள்லயா டாக்டர்?”

“கையிலதான். அந்தக் காலமெல்லாம் போச்சு.” சிரித்துவிட்டு, சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார்: “ஆபரேஷன் இல்லாமயே நடக்க வாய்ப்பிருக்கு. ஆனா சில வாரம் அசையவே கூடாது. ஓடக் கூடாது, ஏறக் கூடாது. கூண்டுல வச்சுப் பூட்டிடுங்க.”

“கூண்டா?”

“வேற வழி இல்ல. வெளிய விட்டீங்கன்னா கால் போயிடும்.”

அன்று மாலை காப்பகத்துப் பெண் ஒரு கம்பிக் கூண்டைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்துவிட்டுப் போனாள். மெத்தை போட்டு, பெஞ்சுவை உள்ளே வைத்தது மனைவிதான். கம்பியைப் பார்த்ததும் பெஞ்சுவின் உடம்பு முழுக்க உதறல் எடுத்தது. முன்கால்களால் கம்பியைப் பிறாண்டியது. தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, முதுகை முறுக்கப் பார்த்தது. மனைவி கை விட்டுத் தடவினாள், நிற்கவில்லை. தியேட்டரில் நாள் முழுக்க நின்றவள், குரல் உடைந்துபோய்ச் சொன்னாள்:

“கதவச் சாத்திடலாங்க. கொஞ்ச நேரம் கத்திட்டு அடங்கிடும்.”

“அடங்காது. முறுக்கிக்கும்” என்றார் அவர்.

தரையில் படுத்தார், நாயின் உயரத்துக்கு முகத்தை வைத்து. இடது கையில் கட்டு. வெள்ளையாக, தடியாக, மணிக்கட்டு வரைக்கும். அது பார்ப்பதற்குக் கையுறை மாதிரியேதான் இருந்தது. அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். மிச்சம் இருந்தது வலது கைதான். கண்ணாடி அறுக்கிற வைரத்தைப் பிடிக்கிற கை. அதுவும் போனால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

மெதுவாகக் கூண்டுக்குள் விட்டார். உள்ளங்கையை மேலே காட்டி, வெறுமையாக மெத்தையில் வைத்தார்.

பெஞ்சு பிறாண்டுவதை நிறுத்தியது. மூக்கை நீட்டி விரல் விரலாக மோந்தது. பிறகு ஆள்காட்டி விரலை வாயில் எடுத்துக்கொண்டது.

விரலின் இரண்டு பக்கமும் பற்கள். காலையில் சதைக்குள் இறங்கிய அதே பற்கள். ஆனால் அவை இறங்கவில்லை. தாய் நாய் குட்டியைக் கவ்வுமே, அந்தப் பிடி. அழுத்தாமல், விட்டுவிடாமல். அப்படியே தலையை மெத்தையில் சாய்த்தது. உதறல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. முதுகு நேரானது. கண் சொருகியது. விரலை மட்டும் விடவில்லை.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் நெற்றியெல்லாம் வியர்வை. புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

“வலிக்குதா?”

“இல்ல.”

“பின்ன ஏன் இப்படி நடுங்குறீங்க?”

“பயமா இருக்கு.”

“எடுத்துடுங்களேன்.”

“எடுத்தா முழிச்சுக்கும்” என்று உதடு அசையாமல் சொல்லிவிட்டு, அவர் அப்படியே படுத்திருந்தார்.