பதில் தெரிந்த கேள்விகள்

திரையில் ஒரு தாயின் முகத்துக்கு நேராக ஐந்து மைக்குகள் நீண்டிருந்த இடத்தில் அவள் படத்தை நிறுத்தினாள். நிறுத்திவிட்டு, பழக்க தோஷத்தில் ஜன்னல் பக்கம் திரும்பினாள். வகுப்பும் அவளோடு சேர்ந்து திரும்பியது. பிறகு ஏதோ தவறு செய்துவிட்டதுபோல் எல்லோரும் நோட்டுக்குள் குனிந்துகொண்டார்கள்.

சினிமாவில் பத்திரிகையாளர்கள் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்ற அந்தப் பாடத்தை நான்கு ஆண்டுகளாக அவளும் கணவரும் சேர்ந்துதான் நடத்தினார்கள். அவள் சினிமா ஆசிரியை. அவர் முப்பது ஆண்டு நிருபராக இருந்துவிட்டு வந்தவர். ஒரு காட்சியை அவள் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக்கொண்டிருக்கும்போது ஜன்னலோரத்திலிருந்து குரல் வரும். "ஒரு நிமிஷம். இந்த ஆளு காலையிலேருந்து காரை வெச்சுக்கிட்டு ஊரைச் சுத்துறான். ஒரு வரி எழுதினானா? எந்த ஆபீஸ்னு சொல்லுங்க, நானும் போய்ச் சேர்ந்துக்கறேன்." "அவன் உக்காந்து எழுதறதைக் காட்டினா தியேட்டர்ல உங்களைத் தவிர ஒருத்தரும் இருக்க மாட்டாங்க" என்பாள் அவள். இந்தச் சண்டையைப் பார்க்கவே பக்கத்து வகுப்பிலிருந்து ஆட்கள் வந்து பின்வரிசையில் உட்கார்ந்ததுண்டு.

அவர் போய் ஐந்து வாரம் ஆகிறது. அவர் கைப்பட எழுதிய பாடத்திட்டத்தில் இந்த வாரத்துக்கு 'துக்க வீட்டு வாசலில் நிருபர்' என்று இருந்தது. துறைத்தலைவர் காலையிலேயே வந்து நின்றார். "இந்த ஒரு வாரத்தை விட்டுடலாமேம்மா. யாரு கேக்கப் போறாங்க?" "அவரு கேப்பாரு சார்" என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டு ஏறினாள். வகுப்பு வாசலில் ஒருவர் காத்திருந்தார். வயது நாற்பது, பதினைந்து வருடம் கூரியர் வண்டி ஓட்டிவிட்டுப் படிக்க வந்தவர். வகுப்பில் எல்லோருக்கும் அவர் சித்தப்பா. ஒரு நாளிதழின் மரண அறிவிப்புப் பிரிவில் பகுதிநேர வேலையும் பார்த்தார். ஐந்து வாரமாக வகுப்புப் பக்கம் வராதவர், இப்போது படிப்பிலிருந்து விலகும் படிவத்தை நீட்டினார். காரணம் என்ற இடத்தில் 'இத்தொழிலுக்கு நான் லாயக்கில்லை' என்று எழுதியிருந்தது. அவள் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. "கிளாஸ் முடியட்டும், போட்டுத் தர்றேன். அதுவரைக்கும் உள்ள உக்காருங்க" என்று படிவத்தை வாங்கிக்கொண்டாள்.

"இந்தக் காட்சியில எது பொய்?" என்று இப்போது வகுப்பைக் கேட்டாள்.

"பொய்யே இல்ல மேடம்" என்றாள் முன்வரிசைப் பெண். "நெசத்துலயும் இப்படித்தான் மைக்கை நீட்டறாங்க. மனசு எப்படியிருக்குன்னு கேக்கறாங்க. வெக்கங்கெட்டவங்க."

அதைச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்து வரவில்லை, வாயில் வந்துவிட்டது. "அவரு போன அன்னைக்கு எனக்கும் ஒரு போன் வந்துது."

அன்று வீடு நிறைய ஆட்கள். எப்படி ஆச்சு, கடைசியா என்ன சொன்னார், இனி என்ன செய்யப்போறே என்று ஆளுக்கொரு கேள்வி. அவளிடம் ஒன்றுக்கும் பதில் இல்லை. அப்போதுதான் ஏதோ பத்திரிகையிலிருந்து அந்த ஆண் குரல் பேசியது. அனுதாபம் ஒரு வரி. பிறகு நேராகக் கேள்வி. பெயருக்கு முன்னால் என்ன எழுத்து, எந்த ஆண்டு வேலைக்குச் சேர்ந்தார், எதைப் பற்றி அதிகம் எழுதினார். குடிநீர் வாரியம், நகராட்சிக் கூட்டங்கள் என்று அவள் வரிசையாகச் சொன்னாள். எல்லாம் அவளுக்குத் தெரிந்தவை. நான்கு நிமிடம், அவ்வளவுதான். போனை வைத்தபோது காலடியில் தரை இருப்பது தெரிந்தது. எழுந்து போய் நாத்தனாரைக் கூப்பிட்டுச் செய்தி சொன்னாள். "யாருன்னே தெரியாது. அன்னைக்கு எனக்கு ஒத்தாசையா இருந்த ஒரே ஆளு அந்த நிருபர்தான்" என்று முடித்தாள்.

பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது.

"போன் பண்ணது நான்தான் மேடம். யாருன்னு சொல்ல அன்னைக்கு மனசு வரல." சித்தப்பா எழுந்து நின்றிருந்தார். "வயசைத் தப்பாப் போட்டவனும் நான்தான். மறுநாள் திருத்தம் வந்துது. வேற யாருக்குமில்ல, சாருக்கே. ஒருத்தரோட வயசைச் சரியா எழுதத் தெரியாதவன் வேற எதையும் எழுத வேண்டாம்னு சொல்லிக் குடுத்ததே அவருதான். ஆபீஸ்ல இனிமே வர வேண்டாம்னுட்டாங்க."

அந்த வாரப் பத்திரிகை எதையும் அவள் பிரித்துப் பார்க்கவில்லை. "என்ன வயசு போட்டீங்க?"

"அம்பத்தெட்டு."

கணவருக்கு அறுபத்து நான்கு. அவள் நேராக சித்தப்பாவைப் பார்த்தாள். "நான் எவ்வளவு சொன்னேன்?" சித்தப்பா தரையைப் பார்த்தார். "சொல்லுங்க."

"அம்பத்தெட்டுன்னுதான். திருப்பிப் படிச்சும் காட்டினேன், ஆமான்னீங்க. ஆனா இன்னொரு இடத்துல விசாரிச்சிருக்கணும் மேடம். அதானே பாடம்."

"இதை ஆபீஸ்ல சொல்லலையா?"

"புருஷனைப் பறிகுடுத்துட்டு நிக்கிறவங்க மேல பழியைத் தூக்கிப் போடச் சொல்றீங்களா?"

"அம்பத்தெட்டு என்னோட வயசு" என்றாள் அவள்.

பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது, ஐந்து வாரத்தில் முதல் தடவையாக. "தலைக்கு மை போடுங்கன்னு நானும் கெஞ்சிப் பாத்துட்டேன், கேக்கல. போறப்ப என் தலையைத் தடவி ஆறு வயசைக் குறைச்சுக்கிட்டாரு, பாருங்க மனுஷனை." வகுப்பு சிரித்தது. முன்வரிசைப் பெண் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

அவள் படிவத்தைத் திருப்பி வைத்து, பின்பக்கத்தில் அந்த நாளிதழின் ஆசிரியருக்கு எழுதினாள். வயதைத் தவறாகச் சொன்னது நான். உங்கள் ஆள் திருப்பிப் படித்துக் காட்டியபோது ஆமோதித்ததும் நான். அந்த நாளில் அவர் எனக்குச் செய்தது பேருதவி. கீழே கையெழுத்துப் போட்டாள். "ஆசிரியருக்கு எழுதியிருக்கேன். கொண்டுபோய்க் குடுங்க. முன்பக்கத்தை என்ன செய்யறதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க."

அவர் வந்து வாங்கிக்கொண்டார். ஆனால் தன் இடத்துக்குத் திரும்பவில்லை. திரையிலிருந்த தாயை ஒருமுறை பார்த்துவிட்டுத் தயங்கினார். "ஒரு நிமிஷம் மேடம். இந்த அஞ்சு பேர்ல ஒருத்தன்கூட அந்தம்மா பிள்ளையோட பேரைக் கேக்கலையே?"

"கேட்டா காட்சி படுத்துடும்ங்க" என்றாள் அவள்.

"படுக்கட்டுமே" என்று சொல்லி, எதையோ சுட்டிக்காட்டத் திரைக்கு அருகே போனார் அவர். புரொஜெக்டர் வெளிச்சம் அவர்மேல் விழுந்தது. மைக்குகள் அவருடைய கறுப்புப் பேன்ட்டில் விழுந்து மறைந்துபோயின; அந்தத் தாயின் முகம் மட்டும் அவருடைய வெள்ளைச் சட்டையில், மூச்சுக்கு மூச்சு லேசாக அசைந்துகொண்டிருந்தது. யாரும் அவரை நகரச் சொல்லவில்லை.