எங்கள் ஊர் மட்டும் வெள்ளை

காட்டுத்தீப் புகை அமெரிக்காவின் ஒகனோகன் பள்ளத்தாக்கில் இறங்கிய வாரம், பள்ளி ஃபுட்பால் கோச் வெர்லின் மைதான ஓரத்தில் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். காற்று மாசைக் காட்டும் செயற்கைக்கோள் படத்தில் சுற்றுவட்டாரமெல்லாம் சிவப்பு. எங்கள் ஊர் மட்டும் வெள்ளை.

"பாத்தியா மார்லிஸ், நம்ம ஊருக்கு ஒண்ணுமில்ல. வெள்ளிக்கிழமை மேட்ச். பசங்கள ஓட விடப்போறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் காற்றின் மாசை அளக்கும் கருவிகளைப் பார்த்துக்கொள்பவள் நான்.

"வெள்ளைன்னா சுத்தம்னு யாரு சொன்னது? புகை அவ்ளோ அடர்த்தி. செயற்கைக்கோளு அதை மேகம்னு நெனச்சு நம்ம ஊரையே கணக்குலேருந்து தூக்கிடுச்சு."

"சும்மா இரு. அவ்ளோ பெரிய செயற்கைக்கோளு, மேகம் எது, புகை எதுன்னு தெரியாதா அதுக்கு?"

வண்டியிலிருந்த கருவியைத் தூக்கிக்கொண்டுபோய் மைதானத்தின் நடுவில் வைத்தேன். எண்கள் மளமளவென்று ஏறின, திரை கருஞ்சிவப்பானது. வெர்லின் இருமிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"நாளைக்கும் இப்படியே இருந்தா?"

"நாளைக்கும் இங்கதான் நிப்பேன். முதல்ல புகை விலகி இந்த மைதானம் அந்தச் செயற்கைக்கோளு கண்ணுக்குத் தெரியட்டும். அப்புறம் பசங்க ஓடட்டும்."