நாலில் ஒன்று

1

இந்தக் கதை நான் சொன்ன ஒரு வாக்கியத்தில் தொடங்கியது. அதைத் திருத்தத்தான் எழுதுகிறேன். யோக்கியமான வேறு காரணம் இல்லை.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில், எம்.ரெட்டியபட்டி பஸ்ஸுக்கு நின்றபோது எங்கள் தெரு ராஜேஸ்வரி ஒரு கவரை நீட்டினாள்.

"அண்ணே, இங்கிலீசுல இருக்கு. மதுரை டாக்டரம்மா சொன்னதுல பாதி வெளங்கல."

மில்லில் நைட் ஷிப்ட் முடிந்து வந்தவனுக்கு வேறு என்ன வேலை? வாசித்தேன். அவளிடமும் புருஷன் முத்துராஜிடமும் மறைந்திருந்த நோய் மகளுக்கு வந்திருக்கிறது. அடுத்த பிள்ளைக்கும்...

"நாலுல ஒண்ணுக்கு வருமாம்" என்றேன். பஸ் வந்துவிட்டது.

2

ராஜேஸ்வரி பொறுமையே உருவான

[அடித்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை அவள் பிள்ளையை அறைந்ததைப் பார்த்தேன்.]

மகள் பிரவீணாவுக்கு ஆறு வயது. இரண்டு வயதில் கடகடவென்று பேசியவள். பிறகு சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. மிஞ்சியது 'வேணாம்' மட்டும். சட்டையைக் கடித்துக் கிழிப்பதால் கழுத்தில் எப்போதும் ஒரு துண்டு. ராஜேஸ்வரி சோற்றைக் குழைத்து ஊட்டி, அது இறங்குகிறதா என்று தொண்டையையே பார்த்திருப்பாள். ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு மணி நேரம்.

3

மாமியார் ஜக்கம்மாள் ராஜேஸ்வரிக்குச் சொந்த அத்தை, அப்பாவின் தங்கை. அத்தை மகன் முத்துராஜுக்கு இவளைக் கொடுத்தார்கள். இப்போது அத்தை மகள் கிருஷ்ணப்ரியாவை இவள் தம்பி ஜெயபாண்டிக்கு எடுக்கிறார்கள். ஆவணி முதல் வெள்ளி பரிசம்.

"எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு பொறந்ததில்ல" என்றாள் ஜக்கம்மாள்.

"எங்கப்பா உங்ககூடப் பொறந்தவுகதான அத்தை? எந்த வம்சத்தச் சொல்றீக?"

"ஒனக்கு வாய்க்கு மட்டும் கொறச்சலில்ல. அதுல பாதியப் பிள்ளைக்குக் குடுத்திருக்கலாம்."

ராஜேஸ்வரி பிள்ளையின் கழுத்துத் துண்டை மாற்றினாள். ஜக்கம்மாளே தொடர்ந்தாள்: "நாலுல ஒண்ணுன்னு நீதான வந்து சொன்ன? அந்த ஒண்ணுதான் வந்துருச்சே. இனிமே பொறக்குறதெல்லாம் நல்லாப் பொறக்கும்."

ராஜேஸ்வரிக்கும் அது சரியாகவே பட்டது, அடுத்த முறை மதுரைக்குப் போகும்வரை. டாக்டரம்மா விளக்கினார்: கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதுபோல நாலு பொட்டலம், ஒன்றில் நோய். எடுத்ததைத் திரும்ப உள்ளே போட்டுக் குலுக்கிவிடுவார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலு பொட்டலமும் இருக்கும். கிருஷ்ணப்ரியா, ஜெயபாண்டி இருவர் ரத்தத்திலும் நோய் ஒளிந்திருக்கலாம். முதலில் சோதிக்க வேண்டும்.

திரும்பியதும் என்னிடம் வந்தாள். "அன்னைக்கே ஏண்ணே இதச் சொல்லல?"

"பஸ் வந்துருச்சு."

"நானும் வீட்டுல சொல்லல." துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "கிருஷ்ணப்ரியாவுக்கும் ஒண்ணு இப்படிப் பொறக்கட்டும்னு தோணுதுண்ணே. அப்பறம் வம்சம்னு ஒருத்தியும் பேச மாட்டா. எந்தம்பி பிள்ளைங்கிறதும் தெரியுது. தெரிஞ்சேதான் தோணுது."

[இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்கவில்லை.]

4

முடிவு ஒன்று: தட்டு மாற்றும் நேரத்தில் பிரவீணா 'வேணாம்' என்று கத்துகிறாள். சபை உறைகிறது.
அடித்துவிட்டேன். இருப்பதே ஒரு சொல். அதையும் என் கதைக்கு வேலை செய்ய வைக்க முடியாது.

முடிவு இரண்டு: ராஜேஸ்வரி சொல்கிறாள். கல்யாணம் நிற்கிறது. 'அந்தக் குடும்பத்துல ஏதோ நோயாம்ல' என்ற பேச்சு திருச்சுழிவரை போகிறது. கிருஷ்ணப்ரியாவைக் கேட்டு யாரும் வருவதில்லை. அதே வீட்டில், அதே அத்தைக்கு, ராஜேஸ்வரி சோறு போடுகிறாள்.

முடிவு மூன்று: அவள் சொல்லவில்லை. தம்பிக்குப் பிள்ளை நன்றாகப் பிறக்கிறது. நடக்கக்கூடியதுதான். அப்போது, அவள் என்ன நினைத்தாள் என்பது யாருக்கும் தெரியாது. அந்தப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவாள். எனக்குப் பிடிக்காத முடிவு இதுதான்.

5

நீயே போய்ச் சொல்லேன் என்பீர்கள். போனேன், இன்று காலை.

"வாப்பா" என்றாள் ஜக்கம்மாள். "நீ வாசிச்சுச் சொன்னதுதான் எங்களுக்குத் தைரியம். நாளைக்குப் பரிசத்துக்கு மொத ஆளா வந்துரணும்." வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தாள்.

வாங்கிக்கொண்டேன்.

உள்ளே ராஜேஸ்வரி ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் சொல்வேன் என்று அவளும், அவள் சொல்வாள் என்று நானும் காத்திருந்தோம். பேசியது பிரவீணா மட்டும்தான்.

"வேணாம்."

[சோற்றைத்தான்.]

நாளை பத்து மணிக்குத் தட்டு மாற்றுகிறார்கள். எத்தனை பொட்டலம், எப்படிக் குலுக்குவது என்பது தெரிந்தும் வாயைத் திறக்காதவர்கள் இதுவரை இரண்டு பேர். இப்போது உங்களுக்கும் தெரியும்.