மேல் கல்லுக்கு அடியில்

காலையில், பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நான் ஷூ கயிற்றைக் கட்டி முடிப்பதற்குள், என் கணவர் நாங்கள் போகாத பாதையின் ஓரத்தில் ஐந்து தட்டைக் கற்களை அடுக்கிப் படம் எடுத்துக்கொண்டார். மேல் கல் ஆடியது. தின்ற மிட்டாயின் பச்சைத் தாளை மடித்து அதற்கு அடியில் செருகினார்.

திரும்பும்போது, மணற்கல் பள்ளத்தாக்கிலிருந்து மூச்சுவாங்க ஏறி அங்கேயே வந்து நின்றோம். கடைசி வேன் ஐந்து மணிக்கு. நாத்தனாருக்கு முழங்கால் வீங்கியிருந்தது. என் தோளைப் பிடித்துத்தான் ஒவ்வோர் அடியும் வைத்தாள். செங்குத்துப் பாறைகள் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே சிவப்பு.

"பாத்தீங்களா, அடையாளக் கல்லு!" என்றார் அவர். "விவரம் தெரிஞ்சவன் எவனோ வழி காட்ட வச்சிருக்கான். இந்தப் பக்கம்தான்."

"அண்ணா, காலைல அந்தப் பக்கமால்ல வந்தோம்?"

"உனக்கு உன் வீட்டு மாடிப்படியே மறந்துபோகும். பேசாம வா."

பச்சைத் தாள் என் கண்ணில் பட்டது. சொல்ல ஒரு நொடி போதும். சொல்லவில்லை. அலுவலகத்தில் நாற்பது பேரை மேய்க்கிறவர், தன் கைவேலையையே கும்பிடாத குறையாக நம்பி நடந்தார். பதினெட்டு வருடமாக நான் பார்த்துவரும் முதுகு. அது எதுவரைக்கும் போகும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. அந்த ஆசை இனிக்கவும் செய்தது.

அரை மணி நடை. பாதை ஒரு விளிம்பில் முடிந்தது. கீழே எங்கள் வேன், தீப்பெட்டி அளவில், கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. இனி தார்ச்சாலையில் ஏழு கிலோமீட்டர்.

"பொறுப்பத்த பய! விளையாட்டுக்கு அடுக்கி வச்சிருக்கான் பாரு" என்று அவர் கத்தினார்.

நாத்தனார் ஒரு பாறைமேல் உட்கார்ந்தாள். முழங்காலை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

பாதை பிரியும் இடத்துக்குத் திரும்பியதும் நான் நேராகப் போய், தேடாமலே, தாளை உருவி அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். "காத்துல வந்து மாட்டியிருக்கும்" என்று கீழே போட்டார். எதிர்பார்த்ததுதான்.

நாத்தனார் அவரைப் பார்க்கவேயில்லை.

"அண்ணி, உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

பதிலுக்கு அவள் காத்திருந்தாள். அவருடைய முட்டாள்தனத்துக்கு என்னிடம் நூறு வார்த்தைகள் தயாராக இருந்தன. என்னுடையதற்கு ஒன்றுகூட வரவில்லை.

என் தோளிலிருந்து கையை எடுத்து, பாறையைப் பிடித்துக்கொண்டு அவள் நடக்கத் தொடங்கினாள்.