பெரணிக்குக் கேன் தண்ணீர்

புருஷோத்தமனின் விடுதி முற்றத்தில் பன்னிரண்டு தொட்டியில், பூக்காமல் இலையழகுக்கே வளர்க்கிற பெரணிச் செடி இருந்தது. வருகிற விருந்தினரெல்லாம் அதன் முன்னால் நின்றுதான் படம் எடுப்பார்கள். இலை நுனி கருகத் தொடங்கியதும் மனிதர் சோறு தண்ணி இல்லாமல் அலைந்தார். வெயில்தான் காரணமென்று நிழலுக்கு நகர்த்தினார். காற்று காய்கிறதென்று வேளைக்கு வேளை நீர் தெளிக்கச் சொன்னார். இலைக்கு அடியில் வரிசையாய் இருந்த பழுப்புப் பொட்டுகளைப் பூச்சியென்று நினைத்து, வேலைக்காரி தனக்கொடியை உட்காரவைத்து ஒவ்வொன்றாகத் துடைக்க வைத்தார். அது பெரணியின் வித்து என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டு நாள் துடைத்த கை அவளுடையது.

கடைசியில் உழவர்கரை நர்சரிக்காரர் வந்தார். தொட்டி விளிம்பில் பூத்திருந்த வெள்ளையைச் சுரண்டிப் பார்த்தார். போர் தண்ணீரை ஒரு வாய் வைத்துத் துப்பினார். உப்பு. நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி, மண்ணிலுள்ள உப்பு கரைந்து வடியவிட வேண்டும். அதற்கப்புறம் தினமும் கேன் தண்ணீர்தான் என்றார்.

அவர் துப்பியதைத் தனக்கொடி பார்த்துக்கொண்டிருந்தாள். பின்கட்டு அறையில் அவளும் கணவன் ஆதிமூலமும் ஆறு வருடமாகக் குடிப்பது அதைத்தான். மில் வேலை போய் இங்கே வாட்ச்மேனாக வந்தவன், இப்போது சிறுநீரகம் கெட்டுக் கால் வீங்கிக் கிடக்கிறான். உப்பே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாங்குகிற சம்பளம் மருந்துக்கே போதவில்லை. அன்றே முதலாளியிடம் ஒரு குடம் கேன் தண்ணீர் கேட்டாள். இத்தனை வருடம் குடித்து ஒன்றும் ஆகவில்லையே என்றார் அவர். ஒன்றும் ஆகாதவன் உள்ளே முனகிக்கொண்டிருந்தான்.

அதன்பிறகு அவள் கேட்கவில்லை. செடிக்கு ஊற்றுவது அவள் வேலை; தூண் மறைவில் இருந்த இரண்டு தொட்டிக்குப் போர் தண்ணீரை ஊற்றிவிட்டு, அவற்றின் பங்குக் கேன் தண்ணீரைக் கணவனுக்குக் கொண்டுபோனாள்.

"தண்ணி இனிக்குதுடி," என்றான் ஆதிமூலம். அவளுக்கு அழுகை வந்தது.

செடிக்கு வாய் இல்லையென்று நம்பியதுதான் அவள் செய்த தப்பு. மூன்றே வாரத்தில் அந்த இரண்டு தொட்டியும் நுனி கருகிக் காட்டிக்கொடுத்தன.

"இதுக்கு எந்தத் தண்ணி ஊத்துன?" என்று கேட்டார் புருஷோத்தமன்.

"போர் தண்ணிதான் சார். நல்லத அவருக்குக் குடுத்துட்டேன். செடியே கருகிப்போற தண்ணிய மனுசன் எப்பிடி சார் குடிப்பாரு?"

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. இனிமேல் தானே ஊற்றிக்கொள்வதாகச் சொல்லி, கேன்களை ஆபீஸ் அறையில் வைத்துப் பூட்டினார்.

மாதம் திரும்புவதற்குள் அந்த இரண்டு தொட்டியிலும் புது இலைச் சுருள் விட்டது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தியா தனக்கொடி, தண்ணிதான் கோளாறு."

தனக்கொடி பார்த்தாள். பிறகு போர் குழாயைத் திறந்து, ஆதிமூலத்துக்கு ஒரு சொம்பு பிடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.